உலோகம் எங்கே போனது? ஓடைநீரும் வண்டலும் நடத்தும் கொடுக்கல் வாங்கல்

2015 ஆகஸ்ட் 5. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சில்வர்ட்டன் என்ற மலையூருக்கு மேலே கைவிடப்பட்டுக் கிடந்த கோல்ட் கிங் சுரங்கத்தின் வாயருகே அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆட்கள் மண்ணை அகற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தேங்கிய நீர் அவர்கள் நினைத்ததைவிட அதிக அழுத்தத்தில் இருந்தது. அடைப்பு உடைந்து சுமார் 30 லட்சம் கேலன், நம் கணக்கில் ஒரு கோடியே பத்து லட்சம் லிட்டருக்கும் மேல், சிமென்ட் க்ரீக் ஓடையில் பாய்ந்தது. அங்கிருந்து அனிமாஸ் ஆறு, பிறகு சான் ஹுவான் ஆறு, கடைசியில் பவல் ஏரி. மறுநாள் டுராங்கோ நகருக்கருகே ஆரஞ்சு நிற ஆற்றில் சிலர் கயாக் படகில் மிதக்கும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆறு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அப்போதைய மாநில ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பர் அனிமாஸ் நீரை ஒரு பாட்டிலில் பிடித்து, அயோடின் மாத்திரை போட்டு, பத்திரிகையாளர் முன் குடித்துக் காட்டினார். மாத்திரை கிருமிக்கு; உலோகத்தை அது ஒன்றும் செய்யாது. ஆனாலும் ஆளுநர் குடித்த நீரில் உலோகம் குறைவாகத்தான் இருந்தது. பிறகு அது போன இடம் எது? ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம். பெரும்பகுதி வழியிலேயே, ஆற்றின் அடியில், கூழாங்கற்களின் மேலும் இடுக்குகளிலும் தங்கிவிட்டது.

முகமையின் பின்னாளைய ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அனிமாஸுக்குள் வந்து சேர்ந்த உலோகம் சுமார் 490 டன், முக்கியமாக இரும்பும் அலுமினியமும். அதில் பெரும்பங்கு சுரங்கநீரில் இருந்ததே இல்லை. வெளியே குவிந்து கிடந்த சுரங்கக் கழிவையும் ஓடையின் அடிப்படிவையும் வெள்ளம் அரித்துக்கொண்டு வந்ததுதான். பனி உருகும் காலத்தில் அந்த ஆறு ஓரிரு நாளில் சுமக்கும் உலோகத்துக்கு அது ஏறத்தாழச் சமம். ஒரு நாள் விபத்து என்று உலகம் பார்த்தது, ஒரு நூற்றாண்டாக ஓடையடியில் சேர்ந்துகொண்டிருந்த இருப்பு கிளம்பியதைத்தான்.

ஓடை உலோகத்தை அழிப்பதில்லை. செம்புக்கும் துத்தநாகத்துக்கும் ஈயத்துக்கும் சிதைவு என்பதே கிடையாது. நீரிலிருந்து காணாமல் போனால் வண்டலில் ஏறியிருக்கிறது என்று பொருள். ஏறியது விற்றுத் தீர்ந்த பண்டம் அல்ல, அடகு வைத்த நகை: உரிய நிபந்தனை வந்தால் மீண்டும் வெளியே வரும். அந்த நிபந்தனைகளைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

சில்வர்ட்டன் பகுதியின் பாறைகளில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு நிறைய. காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறும். அந்த அமிலம் பக்கத்திலுள்ள தாதுக்களிலிருந்து துத்தநாகம், செம்பு, ஈயம், காட்மியம், அலுமினியம் எல்லாவற்றையும் கரைத்தெடுக்கும். சுரங்கம் தோண்டுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள சில ஓடைகள் புளித்த நீரோடுதான் ஓடின. இரும்பு ஆக்சைடு சிமென்ட்போல் இறுக்கிய பழைய கூழாங்கல் படுகைகள் அதற்குச் சாட்சி. சுரங்கம் செய்தது, மலையைக் குடைந்து காற்றையும் நீரையும் உள்ளே விட்டு அந்த வேலையைப் பல மடங்கு பெருக்கியது.

இந்த அமில ஓடை, புளிப்பில்லாத அனிமாஸில் கலக்கும் இடத்தில்தான் வேதியியல் வேகம் பிடிக்கிறது. பிஎச் என்பது நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் 3 அளவில் கரைந்திருக்கும் ஃபெர்ரிக் இரும்பு (இரும்பின் ஆக்சிஜனேற்றம் கூடிய வடிவம்), பிஎச் ஏறத் தொடங்கியதும் ஹைட்ராக்சைடாகத் திரண்டு மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பிரிகிறது. பிஎச் 5-ஐ நெருங்கும்போது அலுமினியம் வெள்ளைப் படிவாக இறங்குகிறது. அதே கொலராடோவில் அமிலம் நிறைந்த ஸ்னேக் ஆறு தூய டியர் க்ரீக்குடன் சேருமிடத்தில் கற்களின் மேல் இந்தப் படிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரும்பும் அலுமினியமும் இப்படித் தாமாகவே திடமாகிவிடும். செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவை நீரில் இருக்கும் சிறு அளவுக்குத் தனியாகப் படிவாகும் வாய்ப்பு குறைவு. அவை புதிதாகப் பிறந்த இரும்புத் துகளின் மேல் ஏறிக்கொள்கின்றன. நம் வேதியியல் பாடநூல்கள் இதைப் பரப்புக் கவர்தல் என்கின்றன.

இரும்பு ஹைட்ராக்சைடு துகள் ஒன்றின் மேற்பரப்பை அணு அளவில் பார்த்தால், இரும்போடு பிணைந்த ஆக்சிஜனும் அதன் மேல் ஒட்டிய ஹைட்ரஜனுமாக வரிசை வரிசையான இருக்கைகள் தெரியும். துத்தநாக அயனி ஒன்று வந்து உட்கார வேண்டுமானால் அங்கிருக்கும் ஹைட்ரஜன் அயனி எழுந்து போகவேண்டும். நீர் அமிலமாக இருக்கும்போது ஹைட்ரஜன் அயனிகள் கூட்டமாக நின்று இருக்கையை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. பிஎச் ஏற ஏறக் கூட்டம் கலைகிறது, உலோகம் உட்காருகிறது. இந்த மாற்றம் மெல்ல மெல்ல நடப்பதும் இல்லை. ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு பிஎச் அலகுக்குள்ளேயே, கிட்டத்தட்ட எதுவும் ஒட்டாத நிலையிலிருந்து கிட்டத்தட்ட எல்லாம் ஒட்டிய நிலைக்கு ஓர் உலோகம் தாவிவிடும்.

எந்தப் பிஎச்சில் தாவும் என்பதுதான் உலோகத்துக்கு உலோகம் வேறு. ஈயம் முதலில், அமிலம் முழுதாகத் தணிவதற்கு முன்பே, ஏறிவிடும். அடுத்து செம்பு. துத்தநாகம், நிக்கல், காட்மியம் ஆகியவை தயங்கும். பிஎச் 7-ஐ ஒட்டித்தான் அவற்றுக்கு மனசு வரும். சில்வர்ட்டன் அருகே ஓடைகள் கலக்குமிடங்களில் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தினர் மீட்டர் மீட்டராக அளந்தபோதும் இதே வரிசைதான் தெரிந்தது: ஈயமும் செம்பும் துகள்களுக்கு மாறின, துத்தநாகம் பெரும்பாலும் கரைந்தபடியே கீழே போனது. அந்த ஆற்றில் டிரவுட் மீன்களுக்குத் துத்தநாகம் தலைவலியாக இருப்பது தற்செயல் அல்ல. மனிதருக்கு அது ஈயத்தைப் போலக் கொடியதில்லை; மீனின் செவுளுக்கோ அது நஞ்சு.

ஆர்சனிக் இந்த விதியைத் தலைகீழாக்குகிறது. நீரில் அது நேர்மின் அயனியாக இருப்பதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து ஆர்சனேட் என்ற எதிர்மின் அயனியாக நீந்துகிறது. அமிலச் சூழலில் இரும்புத் துகளின் பரப்பு நேர்மின்சுமை கொண்டிருப்பதால் ஆர்சனேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், பிஎச் ஏறினால் பிடி தளரும். ஆகவே சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்துவிட்டால் எல்லா உலோகமும் அடங்கிவிடும் என்ற எண்ணம் பாதிதான் சரி.

இருக்கைகள் எத்தனை என்பது துகளின் அளவைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டர் மணலாக உள்ள ஒரு கிராமின் மேற்பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் சொச்சம். அதே ஒரு கிராமை ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, துகள்களாக நொறுக்கினால் இரண்டு சதுர மீட்டருக்கு மேல். புதிதாகப் பிறந்த இரும்பு ஹைட்ராக்சைடோ கிராமுக்குச் சில நூறு சதுர மீட்டர்; கணக்கீடுகளில் 600 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மணல் துகளின் மேல் தோல்போல் படிந்த மெல்லிய துருப்படலம், அந்த மணலைவிடப் பல மடங்கு உலோகத்தைப் பிடிக்கும் என்பதற்கு இதுதான் காரணம். வண்டல் மாதிரி எடுப்பவர்கள் 63 மைக்ரானுக்குக் கீழான நுண்பகுதியைச் சலித்து எடுத்து ஆய்வதற்கும் இதுவே காரணம்.

இரும்பு மட்டும் என்றில்லை. களிமண் தன் பரப்பிலுள்ள கால்சியத்தையும் சோடியத்தையும் கொடுத்துவிட்டு உலோகத்தை வாங்கிக்கொள்ளும். இது தளர்ந்த பிடி, உப்பு கூடினால் கைவிட்டுவிடும். மக்கிய இலைதழைகளின் கரிமப்பொருள் செம்பை விரும்பிப் பிடிக்கும். மாங்கனீசு ஆக்சைடு, அளவில் கொஞ்சமாக இருந்தாலும், கோபால்ட்டையும் ஈயத்தையும் பிடிப்பதில் இரும்பை மிஞ்சும். கற்களின் மேல் வழுக்கும் பாசிப்படலமும் தன் பங்குக்கு உலோகத்தை உறிஞ்சும். அந்தப் பாசியைச் சுரண்டித் தின்னும் பூச்சிப் புழுக்களின் வழியாக, நீரில் கரைந்திராத உலோகமும் மீனின் வயிற்றுக்குள் போகிறது.

கரைந்தது, கரையாதது என்று எளிதாகப் பிரித்துப் பேசுகிறோம். களத்தில் அந்தக் கோட்டைப் போடுவது ஒரு வடிதாள். 0.45 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் இறங்கினால் கரைந்தது, தங்கினால் கரையாதது. உலகம் முழுக்க ஆய்வகங்களின் நடைமுறை அதுதான். சிக்கல் என்னவென்றால், கலக்குமிடத்தில் அப்போதுதான் பிறந்த இரும்புக் கூழ்மத் துகள்கள் அதைவிடச் சிறியவை. ஈயத்தை முதுகில் சுமந்தபடி அவை வடிகட்டியைத் தாண்டிப் போய் ‘கரைந்த ஈயம்’ என்று அறிக்கையில் ஏறிவிடும். இன்னும் நுண்ணிய வடிகட்டிகளைக் கொண்டு பார்த்தபோதுதான் அமில ஓடைகளில் கூழ்மங்கள் எவ்வளவு உலோகத்தைச் சுமக்கின்றன என்பது வெளிப்பட்டது. சில கிலோமீட்டர் போவதற்குள் இத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து அடியில் படியும். அப்போது பழைய அறிக்கையின்படி ‘கரைந்த’ ஈயம் திடீரென மாயமானதுபோல் தோன்றும்.

பொறியாளர்கள் இந்தச் சிக்கல் அத்தனையையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்ப்பார்கள். பங்கீட்டுக் கெழு என்பார்கள்: ஒரு கிலோ வண்டலில் ஏறிய உலோகத்துக்கும் ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உலோகத்துக்கும் உள்ள விகிதம். கணக்குப் போட வசதியானதுதான். கெழு 10,000, ஓடையில் மிதக்கும் வண்டல் லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால், இரண்டையும் பெருக்க 1 வரும். அதாவது உலோகத்தில் பாதி நீரில், பாதி துகளில். கெழு ஒரு லட்சமானால் 11 பங்கில் 10 பங்கு துகளில். அதே ஓடை கோடையில் தெளிந்து, மிதக்கும் வண்டல் 5 மில்லிகிராமாகக் குறைந்தால், முதல் கெழுவின்படி உலோகத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் நீரில்தான் இருக்கும். கலங்கலாக ஓடும் ஆற்றைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். கரைந்த உலோகத்தைப் பொறுத்தவரை தெளிந்த ஆறு மேல் என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாது.

ஆனால் கெழுவை ஓர் அட்டவணையிலிருந்து எடுத்து ஆற்றுக்கு ஆறு பொருத்துவது எனக்கு உடன்பாடில்லை. பிஎச் ஒரு அலகு நகர்ந்தாலே துத்தநாகத்தின் கெழு பத்து மடங்கு மாறக்கூடும் என்னும்போது, ஓர் ஓடைக்கு ஒரு எண் என்பது அன்றைய மதியத்துக்கு மட்டும் பொருந்தும் எண்.

இதுவரை மிதக்கும் துகளைப் பேசினோம். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்குத் தெரியும்: மணலுக்கடியிலும் ஆறு ஓடுகிறது. மலையோடைகளில் நீர் சரளைக்குள் புகுந்து, கொஞ்ச தூரம் அடியிலேயே நகர்ந்து, மறுபடி மேலே வரும். கலிஃபோர்னியாவின் செம்மரக் காட்டில் லிட்டில் லாஸ்ட் மேன் க்ரீக் என்ற சிற்றோடையில் 1970களின் இறுதியில் புவியியல் ஆய்வகத்தினர் குளோரைடையும் ஸ்ட்ரான்சியத்தையும் சேர்த்து நாள்கணக்கில் சொட்டவிட்டுக் கீழே அளந்தார்கள். குளோரைடு எதிலும் ஒட்டாது. நீர் போன வேகத்தைக் காட்டியது. ஸ்ட்ரான்சியமோ பின்தங்கியது. சொட்டுவதை நிறுத்திய பின்பும் படுகையிலிருந்து கசிந்து வந்துகொண்டிருந்தது. ஓடையின் அடிப்படுகை உலோகத்தை வாங்கவும் திருப்பித் தரவும் நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதை ஆய்வகக் குடுவைக்கு வெளியே, ஓடும் நீரில் காட்டிய சோதனைகளில் அது ஒன்று. அரிசோனாவின் பைனல் க்ரீக்கில் வேறொரு படி மேலே. சுரங்கக் கழிவுநீர் சரளைக்குள் புகும்போது அங்குள்ள நுண்ணுயிர்கள் கரைந்த மாங்கனீசை ஆக்சைடாக மாற்றுகின்றன. அந்த ஆக்சைடு கோபால்ட், நிக்கல், துத்தநாகத்தைப் பிடிக்கிறது. தன்னை வடிகட்டும் பொருளை ஓடை தானே தயாரித்துக்கொள்கிறது.

இனி இரவு பகல் கணக்கு. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. மொன்டானா மாநிலத்தில் பழைய சுரங்கங்களின் கீழே ஓடும் ப்ரிக்லி பேர் க்ரீக், ஹை ஓர் க்ரீக் போன்ற ஓடைகளில் ஒரு முழு நாள் விடாமல் மாதிரி எடுத்தார்கள். பிற்பகலில் மிகக் குறைவாக இருந்த கரைந்த துத்தநாகம் இரவெல்லாம் ஏறி, விடியலையொட்டி உச்சம் தொட்டது. அதிகபட்சமாக 500 விழுக்காடு உயர்வு. பிற்பகலில் 100 இருந்தால் விடியலில் 600. சுரங்கத்திலிருந்து யாரும் இரவில் திறந்துவிடவில்லை. பகலில் பாசி ஒளிச்சேர்க்கைக்காக நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ள, பிஎச் ஏறுகிறது. வெயிலில் நீரும் சூடாகிறது. இரண்டுமே துத்தநாகத்தைப் படுகையை நோக்கித் தள்ளுகின்றன. இரவில் எல்லா உயிரும் மூச்சுவிட, பிஎச் இறங்குகிறது, நீர் குளிர்கிறது, படுகை துத்தநாகத்தை விட்டுக்கொடுக்கிறது. ஆர்சனிக், தன் குணப்படி, இதற்கு எதிராக ஏறி இறங்கியது. அதன் ஆட்டம் சிறியது, 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது.

பிற்பகல் மூன்று மணிக்குப் பாட்டிலோடு போகும் ஆய்வாளரும் காலை ஆறு மணிக்குப் போகும் ஆய்வாளரும் ஒரே ஓடையைப் பற்றி வேறு வேறு அறிக்கை எழுதுவார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் ஆய்வகத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற அலுவலக வசதி, பல ஆறுகளின் துத்தநாகக் கணக்கைச் சத்தமில்லாமல் தீர்மானித்திருக்கும் என்றே நினைக்கிறேன். அமில ஓடைகளில் கதை வேறு: கொலராடோவின் லெட்வில் அருகே செயின்ட் கெவின் கல்ச் என்ற ஓடையில், அடியில் படிந்திருக்கும் இரும்பையே நண்பகல் வெயில் கரைக்கிறது. ஒளி பட்டதும் ஃபெர்ரிக் இரும்பு எளிதில் கரையும் ஃபெர்ரஸ் வடிவத்துக்கு ஒடுங்கி நீருக்குத் திரும்புகிறது.

சில உலோகங்களுக்கு அவற்றின் ஆக்சிஜனேற்ற நிலையே எல்லாவற்றையும் முடிவு செய்யும். நம் பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத் தோல் பதனிடுதலில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். நடுநிலையான நீரில் அது சட்டென்று துகளோடு ஒட்டி வண்டலில் அமர்ந்துவிடும். ஆறு இணைதிறன் குரோமியம் எதிர்மின் குரோமேட்டாக நிலத்தடி நீரோடு நழுவும், நஞ்சும் அதுதான். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னைத் தாண்டிய கழிவுக் குவியலிலிருந்து கசிந்தது இந்த வகை. இரண்டையும் கூட்டி ‘மொத்தக் குரோமியம்’ என்று ஒரே எண்ணாகத் தரும் அறிக்கையை வைத்துக்கொண்டு எந்தக் கிணற்றுக்கு ஆபத்து என்று சொல்ல முடியாது. வண்டலில் அமைதியாக இருக்கும் மூன்று இணைதிறன் குரோமியத்தை மாங்கனீசு ஆக்சைடு ஆறாக மாற்றவும் வல்லது. கோபால்ட்டைப் பிடித்து நன்மை செய்த அதே ஆக்சைடுதான்.

அடகு திரும்பும் கதைக்கு மொன்டானாவின் மில்டவுன் அணையைவிட நல்ல உதாரணம் இல்லை. க்ளார்க் ஃபோர்க் ஆறும் பிளாக்ஃபுட் ஆறும் கூடுமிடத்தில், மிஸூலா நகருக்கருகே, செப்பு முதலாளி வில்லியம் க்ளார்க் கட்டிய சிறு நீர்மின் அணை அது. அணை எழுந்த அதே 1908-இல் பெருவெள்ளம் வந்தது. மேலே பியூட், அனகோண்டா செப்புச் சுரங்கங்களிலிருந்தும் உருக்காலைகளிலிருந்தும் சேர்ந்த கழிவை வாரிக்கொண்டு வந்து அணைக்குப் பின்னால் கொட்டியது. அதன் பிறகும் வண்டல் சேர்ந்துகொண்டே இருந்தது. மேலிருந்து பார்த்தால் நாணலும் பறவைகளுமாக அழகான நீர்த்தேக்கம்.

1981-இல் மில்டவுன் குடிநீர்க் கிணறுகளில் ஆர்சனிக் தெரிந்தது. அது வந்த வழி இது: வண்டலுக்குள் புதைந்த கரிமப்பொருளை நுண்ணுயிர்கள் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன. ஆக்சிஜன் போனபின் அவை இரும்பு ஆக்சைடையே ‘சுவாசிக்க’த் தொடங்க, இரும்பு ஃபெர்ரஸாகிக் கரைந்தது. அதுவரை அந்த ஆக்சைடின் இருக்கைகளில் அமர்ந்திருந்த ஆர்சனிக்குக்கு இருக்கையே இல்லாமல் போனது. தேங்கிய நீரின் எடை அதை அடிமண் வழியே ஊர்க் கிணறுகளுக்குத் தள்ளியது. 1996 பிப்ரவரியில் இன்னொரு வழியும் தெரிந்தது. ஆற்றில் பெரும் பனிக்கட்டித் திரள் அணையை நோக்கி வர, அணையைக் காக்க நீர்மட்டத்தை அவசரமாகக் குறைத்தார்கள். வண்டல் அரிபட்டு, செம்பு கீழே போய் மீன்கள் அடிபட்டன. முதல் வழியில் வேதியியல் மாறியது, இரண்டாவதில் வண்டலே நகர்ந்தது.

தேக்கத்தில் இருந்த வண்டல் சுமார் 50 லட்சம் கன மீட்டர். 2008 மார்ச் 28-இல் ஆறு அணையைத் தாண்டித் திறந்துவிடப்பட்டது. மிக மோசமான பகுதி, ஏறத்தாழ 17 லட்சம் கன மீட்டர், தோண்டப்பட்டு ரயிலில் ஏற்றப்பட்டு, அனகோண்டா அருகே ஆப்பர்ச்சூனிட்டி என்ற இடத்தின் பழைய கழிவுக் குளங்களுக்குக் கொண்டுபோகப்பட்டது. வெள்ளம் கீழே கொண்டுவந்த கழிவு, நூறு ஆண்டு கழித்து ரயிலில் மேலே போனது. மீதி வண்டலை அங்கேயே விட்டு ஆற்றுக்குப் புதிய தடம் வெட்டினார்கள். அந்த மீதிக்கு யாரும் எந்த மருந்தும் போடவில்லை. தேக்கம் வடிந்ததால் நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. வண்டலை ஊறவைத்த நீரும், ஆர்சனிக்கைக் கிணறு நோக்கித் தள்ளிய அழுத்தமும் போயின. நிலத்தடி நீரில் ஆர்சனிக் குறையத் தொடங்கியது.